சொறிகிற நாயும் ஒரு குழாய் சீரமும்

கொழிஞ்சாம்பாறையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, மழைக்காலம் வந்தால் டெங்கு என்று நாள் முழுக்க மனுஷ ரத்தம்தான். இருந்தாலும் எங்கள் வீட்டில் சொறிந்தபடியே இருக்கும் லேப்ரடார் ஒன்று உண்டு என்பது ஊருக்கே தெரியும். அதனால் நாய் வளர்க்கிறவர்கள் யாராக இருந்தாலும், சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வந்த இடத்தில்கூட, கையை நீட்டிக்கொண்டே கேட்பது இதைத்தான்: "நாய்க்கு அலர்ஜியா இல்லையான்னு ரத்தத்துல பார்த்துட முடியாதுங்களா?"

முடியாது. இன்றைய தேதிக்கு முடியாது. ஏன் முடியாது என்பதை ஊசி குத்தும் அரை நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்க வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குட்டனுக்கு ஒன்றரை வயது வாக்கில் ஆரம்பித்தது. முதலில் முன்னங்கால் பாதங்களை நக்கினான். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு ஹாலில் சளப் சளப் என்று அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். வெளிர்மஞ்சள் முடி, விரலிடுக்கில் மட்டும் துரு நிறமாக மாறியது. அது எச்சிலில் இருக்கும் போர்ஃபிரின் நிறமி. ரொம்ப நேரம் நக்குகிற நாய்க்கு வரும் அடையாளம். அப்புறம் காது. மடலைத் திருப்பிப் பார்த்தால் உட்பக்கம் சிவந்து, பழுப்பு மெழுகு படிந்து, பழைய எண்ணெய் வாடை அடித்தது. பிறகு கக்கம், தொடையிடுக்கு, அடிவயிறு. முதுகில் மட்டும் ஒன்றுமில்லை. காது மடலின் ஓரமும் சுத்தம். இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கேரளம் என்றாலே பச்சை என்று நினைப்பவர்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கடைசிக்கு வந்து பார்க்க வேண்டும். மழை மறைவுப் பகுதி. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயமுத்தூர் மாவட்டம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றில் வாசல் பெருக்கிய கையோடு மறுபடியும் புழுதி படிந்துவிடும். தரிசு நிலமெல்லாம் பார்த்தீனியம். 1955-ல் புனேயில் முதலில் கண்ணில் பட்ட செடி, இன்று எங்கள் வேலியோரம் வரை வந்து பூத்து நிற்கிறது. "காத்துல வர்ற தூசிதான் கண்ணு, வேறென்ன" என்று அத்தை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவினார். குட்டன் அதையும் நக்கித் தின்றான்.

எதிர் வீட்டு அண்ணன் தென்னந்தோப்புக்காரர். எதிலும் குறுக்கு வழி ஒன்று இருக்கும் என்று நம்புகிறவர்.

"ஏனுங்க அம்மிணி, உங்க லேப்லதான் மனுசங்களுக்கு அலர்ஜி டெஸ்ட் எடுக்கறீங்களே. அதே மெஷின்ல குட்டனோட ரத்தத்தையும் ஓட்டிப் பார்க்கறதுதானே?"

"அது ஆகாதுங்ணா."

"ரத்தம் ரத்தம்தானுங்களே?"

இல்லை. அலர்ஜி டெஸ்ட் என்று நாம் சொல்வது ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தைப் பிடிப்பது. 1960-களின் பின்பாதியில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது அது. கிட்டில் என்ன நடக்கிறது என்றால், தூசிப் பூச்சியின் சாரமோ மகரந்தச் சாரமோ கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருக்கும். சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு மேலே பிரிந்து நிற்கும் தெளிந்த நீரை, ஊற்றினால் அந்தச் சாரத்துக்கு எதிரான ஐஜிஇ வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைக் காட்டிக்கொடுக்க, ஐஜிஇ-யைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை மேலே ஊற்றுவோம். எங்கள் கிட்டில் இருப்பது மனித ஐஜிஇ-யைப் பிடிக்கச் செய்தது. நாயின் ஐஜிஇ-யை அது நம்பும்படி பிடிக்காது. நாய்க்கென்றே செய்த கிட் வேண்டும். சாதாரண ரத்த எண்ணிக்கையிலேயே இந்தத் தகராறு உண்டு. மனிதரின் சிவப்பணு ஒன்றின் பருமன் சுமார் 90 ஃபெம்டோலிட்டர் என்றால் நாயினுடையது 70-ஐ ஒட்டித்தான் இருக்கும். மனிதருக்கு வைத்த செட்டிங்கில் நாய் ரத்தத்தை விட்டால் மெஷின் ஏதோ ஒரு எண்ணைத் துப்பத்தான் செய்யும். அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

"சரி, நாய்க்குன்னே இருக்கற கிட்டுல பார்த்தா?" என்றார் அண்ணன். நல்ல கேள்வி. விஷயமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாய்க்கான கிட்டுகள் நிறைய இருக்கின்றன. வெளிநாட்டு லேபுகள் பல வருஷமாகச் செய்கின்றன, இங்கேயும் சாம்பிள் எடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் தூசிப் பூச்சிக்கு எதிரான ஐஜிஇ, ஒரு சொறியும் இல்லாத ஆரோக்கியமான நாயின் ரத்தத்திலும் இருக்கும். ஒரு பொருளை அடையாளம் தெரிந்துகொண்ட உடம்பு எல்லாம் நோய்ப்பட்ட உடம்பு இல்லை. மறுபக்கம், கண்ணுக்கு முன்னால் அரித்துத் துடிக்கும் நாய் சிலவற்றின் ரத்தத்தில் ஐஜிஇ ஒன்றுமே அகப்படாது. மொத்த ஐஜிஇ எவ்வளவு என்று பார்ப்பதிலும் பலனில்லை. நாய்களுக்கு அது இயல்பிலேயே மனிதரைவிடப் பல மடங்கு அதிகம். வயிற்றில் புழு இருந்தால் இன்னும் ஏறும். இயோசினோஃபில் என்கிற வெள்ளையணுவின் எண்ணிக்கையும் அப்படித்தான். புழு, தெள்ளு, உண்ணி எதற்கும் ஏறும். அலர்ஜி உள்ள பல நாய்களுக்கு நார்மலாகவே இருக்கும்.

இன்னொரு தொல்லை, தாவரப் புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். அந்தச் சங்கிலிக்கு எதிரான ஐஜிஇ இருந்தாலே போதும், புல், களை, மரம் என்று மகரந்த வரிசை முழுக்க பாசிட்டிவ் காட்டும். நோயோடு அதற்குச் சம்பந்தமே இருக்காது. இப்போது நல்ல லேபுகள் அதைத் தடுத்துவிட்டு டெஸ்ட் செய்கின்றன. தடுக்காத ரிப்போர்ட் கைக்கு வந்தால், பார்க்கிற செடியெல்லாம் எதிரியாகிவிடும்.

விலங்குகளின் அலர்ஜி நோய்களுக்கான சர்வதேசக் குழு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: நோய் இது என்று முதலில் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், ஐஜிஇ டெஸ்ட் அதற்குப் பிறகு, எந்தப் பொருளை வைத்துத் தடுப்பு ஊசி (அலர்ஜி தரும் பொருளையே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உடம்பைப் பழக்கும் ஊசி) தயாரிப்பது என்று தேர்ந்தெடுப்பதற்கு. வரிசை முக்கியம். நிறையப் பேர் அதைத் தலைகீழாக்கிக் காசைக் கரைக்கிறார்கள்.

முடியையும் எச்சிலையும் அனுப்பினால் போதும் என்று விற்கிற டெஸ்ட்டுகள் இன்னும் மோசம். 2019-ல் வெளிவந்த ஆய்வுகளில் அலர்ஜி நாய், ஆரோக்கிய நாய், நாயே இல்லாத போலிச் சாம்பிள் என்று கலந்து அனுப்பிப் பார்த்தார்கள். அந்த டெஸ்ட்டுகளால் எதையும் எதிலிருந்தும் பிரிக்க முடியவில்லை. போலிச் சாம்பிளுக்கும் அலர்ஜிப் பட்டியல் வந்தது. லேபில் வேலை பார்க்கிறவளுக்கு இதைப் படித்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

அப்படியானால் டாக்டர் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்? ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகிறார். எங்கள் மிருக ஆஸ்பத்திரி டாக்டர் குட்டனை முதல் தடவை பார்த்தபோது ரத்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. காது மடலின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பரபரவென்று தேய்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சிரங்குப் பூச்சி இருக்கிற நாய் என்றால், இப்படித் தேய்த்ததும் அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாக எழும்பிச் சொறியுமாம். குட்டன் காலைத் தூக்கவில்லை, டாக்டர் முகத்தை நக்கினான். அப்புறம் பிளேடில் லிக்விட் பாரஃபின் தொட்டு, தோலைக் கசக்கிப் பிடித்து, லேசாக ரத்தம் கசியும்வரை சுரண்டி ஸ்லைடில் வைத்தார். டெமோடெக்ஸ் பூச்சி ரோமக்கால் உள்ளே இருப்பது. மேலாகச் சுரண்டினால் கிடைக்காது. அதுவும் இல்லை.

விரலிடுக்கில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்த ஒரு துண்டை எனக்கும் கொடுத்தார், "உங்ககிட்ட நல்ல மைக்ராஸ்கோப் இருக்குமல்லோ" என்று. மாலை லேப் ஓய்ந்த பிறகு ஸ்லைடில் மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு விட்டு, மேலே டேப்பை ஒட்டி, எண்ணெய் விட்டு நூறு எக்ஸில் பார்த்தேன். உதிர்ந்த தோல் செல்கள் சாம்பல் நீலத்தில் மடிந்து கிடக்க, அவற்றின் மேல் அடர்நீலத்தில், தோலோடு இருக்கும் நிலக்கடலை போல, நடுவில் இடுப்பு சிறுத்து, கொத்துக் கொத்தாக மலசீசியா ஈஸ்ட் என்னும் பூஞ்சை. ஒரு வட்டத்தில் ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம். இது எண்ண முடியாத கூட்டம். இத்தனை வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டு ஹாலின் வாடைக்குக் காரணம் லென்ஸுக்கு அடியில் நிற்பதைப் பார்த்தது அன்றுதான்.

க்ளோர்ஹெக்ஸிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்பூ, நுரை பத்து நிமிஷம் தோலில் நிற்க வேண்டும். லேப்ரடாரைப் பத்து நிமிஷம் நுரையோடு நிறுத்தி வைப்பது எப்படி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அரிப்புக்கு நாமே 0 முதல் 10 வரை மார்க் போடும் அளவுகோல் ஒன்று உண்டு. இயல்பான நாய்க்கு 2-க்குள் இருக்கும். குட்டனுக்கு 8 போட்டுக்கொண்டிருந்தேன். ஈஸ்ட் போனதும் 5 ஆனது. வாடை போனது, அரிப்பு பாதிதான் போனது. மீதிப் பாதியைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஈஸ்ட் தானாக வருவதில்லை, அடியில் இருக்கும் வேறொன்று தோலைப் பலவீனப்படுத்தியதால் வந்தது என்றார் டாக்டர்.

இந்த இடத்தில்தான் ஃபாவ்ரோ அளவுகோலைச் சொன்னார். சூரிச்சைச் சேர்ந்த கிளோட் ஃபாவ்ரோவும் கூட்டாளிகளும் 2010-ல் வெளியிட்டது. எட்டு விஷயங்களைப் பார்க்கிறது. 3 வயதுக்கு முன் ஆரம்பித்ததா, பெரும்பாலும் வீட்டுக்குள் வளர்வதா, ஸ்டீராய்டு கொடுத்தால் அரிப்பு அடங்குகிறதா, ஈஸ்ட் திரும்பத் திரும்ப வருகிறதா, முன்னங்கால் பாதத்தில் இருக்கிறதா, காது மடலில் இருக்கிறதா, மடலின் ஓரத்தில் இல்லாமல் இருக்கிறதா, இடுப்புப் பக்க முதுகில் இல்லாமல் இருக்கிறதா. கடைசி இரண்டுக்காகத்தான் மேலே மனசில் வைக்கச் சொன்னேன். மடலின் ஓரம் சிரங்குப் பூச்சியின் இடம், பின்முதுகு தெள்ளின் இடம். குட்டன் பகலெல்லாம் வாசலில்தான் கிடப்பான் என்பதால் அந்த ஒன்று போக ஏழு பொருந்தியது.

எனக்கு இதில் பிடித்தது, எவ்வளவு தப்பும் என்பதை அவர்களே எண்ணில் சொல்லியிருப்பது. எட்டில் ஐந்து பொருந்த வேண்டும் என்று வைத்தால், அடோபி என்கிற இந்த அலர்ஜித் தோல் நோய் உள்ள நாய்களில் 85.4 சதவீதம் பிடிபடும். நோய் இல்லாதவற்றில் 79.1 சதவீதம் சரியாக விலக்கப்படும். ஆறு பொருந்த வேண்டும் என்று இறுக்கினால் விலக்குவது 88.5-க்கு ஏறும், பிடிப்பது 58.2-க்கு இறங்கிவிடும். லேப்காரி மூளை உடனே கணக்குப் போடும். அரிப்போடு வரும் 100 நாய்களில் 50-க்கு அடோபி என்று வையுங்கள். ஐந்து விதியில் 43 பிடிபடும், 7 தப்பிவிடும், அடோபி இல்லாத 10 நாய்களுக்கு அந்தப் பெயர் விழும். இதே விதியை 100-க்கு 10 மட்டுமே அடோபியாக இருக்கும் கூட்டத்தில் போட்டால், 9 சரி, 19 தவறு. டெஸ்ட் அதேதான், கூட்டம் மாறினதும் அர்த்தம் மாறிவிட்டது. அதனால்தான் தெள்ளையும் சிரங்கையும் முதலில் கழித்து, கூட்டத்தைச் சின்னதாக்கிவிட்டு அப்புறம் இந்தப் பட்டியலைக் கையில் எடுக்கிறார்கள்.

புதிதாக வரும் ரத்த அடையாளங்களை நான் பார்ப்பதும் இந்தக் கண்ணோடுதான். ஆய்வகங்கள் ஐஜிஇ-யை விட்டு வேறு திசையில் தேடுகின்றன. இன்டர்லூகின்-31 என்று ஒன்று. நோய் எதிர்ப்பு செல்கள் வெளிவிடும் தூதுப் புரதம். அது நேரடியாக நரம்பைத் தொட்டு அரிப்பை எழுப்புகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வந்த மருந்துகள்தான் நாய்களின் அரிப்பு வைத்தியத்தையே மாற்றின. 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓக்லாசிடினிப் மாத்திரை, இந்தப் புரதம் செல்லுக்குள் செய்தி சொல்லும் வழியை அடைக்கிறது. அதன் பிறகு வந்த லோகிவெட்மாப் ஊசி, புரதத்தையே ரத்தத்தில் பிடித்து மடக்குகிறது. மருந்தாக இவ்வளவு தெளிவாக வேலை செய்வதை டெஸ்ட்டாக அளந்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். 2013-ல் வெளியான ஆய்வில் அளந்தார்கள். இயற்கையாக அடோபி வந்த நாய்களில் 57 சதவீதத்தின் சீரத்தில்தான் அது அளக்கக்கூடிய அளவில் இருந்தது. 100-ல் 43 நாய்களுக்கு நெகடிவ் என்று அச்சடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அர்த்தம். தோலில் நடக்கும் சண்டை முழுக்க ரத்தத்துக்கு வந்துவிடுவதில்லை.

இன்னொன்று டார்க் எனப்படும் கீமோகைன், அதாவது செல்களை வரவழைக்கும் தூதுப் புரதம். சிசிஎல்17 என்றும் பெயர். எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை. மனிதரின் அடோபியில் நோயின் கடுமையை ரத்தத்தில் காட்டுவதற்கு இதுவரை கிடைத்தவற்றில் நல்லது இதுதான். ஜப்பானில் பல வருஷங்களாக வழக்கமான சிகிச்சையிலேயே அளக்கிறார்கள். நாய்களில் இதைத் துருவியதும் ஜப்பானியர்கள்தான். 2020-ல் வந்த அவர்களுடைய ஆய்வில், அடோபி நாய்களின் சீரத்தில் டார்க் அளவு நோய் கூடக் கூட ஏறி நின்றது, வைத்தியம் பிடித்ததும் இறங்கியது. மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ துணுக்குகளை வைத்தும் தேடுகிறார்கள். அது இன்னும் ஆரம்ப நிலை.

இந்த மாதிரி ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது ஒன்றே ஒன்று: யாரோடு ஒப்பிட்டார்கள்? அரிப்புள்ள நாய் ஒரு பக்கம், அரிப்பே இல்லாத ஆரோக்கியமான நாய் மறுபக்கம் என்று வைத்துப் பார்த்தால் பல புரதங்கள் பளிச்சென்று வித்தியாசம் காட்டும். ஆனால் அரிப்பு இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்ல ரத்தம் எதற்கு? அது எங்கள் அத்தைக்கே தெரியும். தெள்ளால் சொறிகிற நாய், சிரங்குப் பூச்சியால் சொறிகிற நாய், சாப்பாட்டால் சொறிகிற நாய், அடோபியால் சொறிகிற நாய் நான்கையும் வரிசையாக உட்கார வைத்து, நான்காவதை மட்டும் ரத்தம் பார்த்துத் தனியே பிரித்துக் காட்ட வேண்டும். டாக்டருக்கு வேண்டியது அதுதான். அந்த இடத்துக்கு இன்னும் எந்தப் புரதமும் வந்து சேரவில்லை.

ஆனால் டார்க் நாளை கிட்டாக வந்தால் வேறு வேலைக்கு ஆகும். சர்க்கரை நோயாளிக்கு ஹெச்பிஏ1சி பார்க்கிறோமே, அந்த வேலைக்கு. நோய் என்ன என்று தெரிந்த பிறகு, வைத்தியம் பிடிக்கிறதா என்று மூன்று மாதத்துக்கொரு முறை பார்ப்பதற்கு. நான் 5 போடும் அரிப்புக்கு என் வீட்டுக்காரர் 3 போடுகிறார். ராத்திரிச் சத்தம் அவர் காதில் விழுவதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு எண் வந்து உட்கார்ந்தால் நல்லதுதான்.

எதிர் வீட்டு அண்ணன் சும்மா இருக்கவில்லை. அவருடைய நாட்டு நாய்க் கலப்புக்கும் சொறி. நகரத்தில் ஏதோ ஒரு கிளினிக்கில் ஏழாயிரத்துச் சொச்சம் கட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். வண்ண வண்ணமாகப் பட்டை போட்டிருந்தது. அரிசி, கோழி, முட்டை, மீன், தூசிப் பூச்சி, நான்கைந்து வகைப் புல் என்று பாதிக்கு மேல் பாசிட்டிவ். "இனி இதுக்கு என்னத்தைத்தான் போடறது அம்மிணி? காரட்டும் தண்ணியுமா?" என்றார் பாவம். சாப்பாட்டு அலர்ஜியை ரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியாது என்பதை அந்தக் கிளினிக்கில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நாயைப் பார்த்தேன். பாதம் சுத்தம், காது சுத்தம். வாலுக்கு மேலே, இடுப்பில் மட்டும் முடி உதிர்ந்து பொரிந்து கிடந்தது. பேன் சீப்பை எடுத்து அங்கே நாலு இழுப்பு இழுத்தேன். கறுப்பு மண் மாதிரி துகள் வந்தது. வெள்ளை டிஷ்யூ பேப்பரை நனைத்து அதன் மேல் கொட்டி வைத்தேன். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செந்துரு நிறத்தில் மெல்லக் கரை படர்ந்தது. "இதென்ன, ரத்தமா?" "ஆமாங்ணா, உங்க நாயோட ரத்தம்தான். தெள்ளு குடிச்சு வெளிய விட்டது." ஏழாயிரம் ரூபாய் ரத்தப் பரிசோதனையில் அகப்படாதது டிஷ்யூ பேப்பரில் அகப்பட்டது. டாக்டர் ஃப்ளூரலனர் மாத்திரை கொடுத்தார். ஒன்று போட்டால் சுமார் 12 வாரம் தெள்ளுக்கு வேலை செய்யும். நாய் மேல் தெரிவது வளர்ந்த தெள்ளு மட்டும். முட்டை, புழு, கூடு எல்லாம் படுக்கையிலும் தரை இடுக்கிலும்தான் இருக்கும் என்பதால், தோப்பில் நாய் படுக்கும் சாக்கை எல்லாம் வெயிலில் போட்டு, பழசைக் கொளுத்தச் சொன்னார். இப்போது அந்த நாய் கோழியும் சோறும் தின்று கொண்டு நன்றாக இருக்கிறது.

குட்டன் கதை அவ்வளவு சுலபமில்லை. தெள்ளு இல்லை, சிரங்கு இல்லை, ஈஸ்ட் அடங்கியாயிற்று. மிச்சம் சாப்பாடு அல்லது அடோபி. சாப்பாடா என்று பார்க்க ஒரே வழி, இதுவரை தின்னாத ஒரு கறி, இதுவரை தின்னாத ஒரு மாவுப்பொருள், எட்டு வாரம், வேறு எதுவும் கூடாது. ஐந்து வாரத்தில் பெரும்பாலான நாய்களுக்குத் தெரிந்துவிடும், எட்டு வாரம் போனால் பத்தில் ஒன்பதுக்கு மேல் தெரிந்துவிடும் என்பதால் எட்டு. நாய்களில் அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. குட்டன் நான்கையும் தின்றிருக்கிறான். மீன், கருவாடு, ஆட்டெலும்பு, தயிர்சாதம், பார்லே-ஜி, பக்கத்துக் கள்ளுக்கடை ஓரம் கிடந்தது எல்லாம் தின்றிருக்கிறான். தின்னாதது பன்றிக்கறியும் மரவள்ளிக்கிழங்கும்.

பன்றிக்கறி எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் நுழைய முடியாது. அத்தை ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். கொல்லையில் மூன்று கல் வைத்து, தனிச் சட்டி, தனிக் கரண்டி. உப்புகூடப் போடாமல் வேக வைக்கணும். ஒரு வாரம் போனதும் அத்தையே தூரத்தில் நின்று, "தண்ணி வத்திப்போச்சு பாரு, அடி புடிக்கப் போகுது" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். பெரிய தலைவலி கறியில்லை, தெருப் பிள்ளைகள். அவர்கள் பிஸ்கட் கொடுக்காமல் இருக்க, குட்டன் கழுத்தில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி அட்டை கட்டினோம். அட்டையைத் தின்றுவிட்டான். அப்புறம் கேட்டைப் பூட்டினோம்.

எட்டு வாரம் முடிந்தும் மார்க் 5-லேயே நின்றது. பழைய சாப்பாட்டுக்குத் திருப்பினோம், ஏறவும் இல்லை. சாப்பாடு இல்லை என்று முடிவானது. அப்போதுதான் டாக்டர் அடோபி என்று சீட்டில் எழுதினார். அது வரை அந்த வார்த்தையைப் பேச்சில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதின அன்றைக்குத்தான் ரத்தமும் எடுத்தார், முன்னங்கால் நரம்பில். ஓக்லாசிடினிப் தொடங்கும் முன் கல்லீரல், சிறுநீரகம், அணுக்கள் எல்லாம் எப்படி என்று பார்க்க ஒரு குழாய். உண்ணிக் காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்துப் பார்க்கும் ஸ்மியர். தடுப்பு ஊசிக்கு எந்தெந்தப் பொருள் என்று தேர்ந்தெடுக்கும் ஐஜிஇ-க்கு ஒரு குழாய் சீரம். ரத்தத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்கத் தெரிந்து கேட்டால் அது நிறையச் சொல்லும்.

ஐஜிஇ-யில் தூசிப் பூச்சிதான் உயரமாக நின்றது, டெர்மட்டோஃபகாய்டிஸ் ஃபரினே. உலகம் முழுக்க நாய்களில் அதிகம் தென்படுவது அதுதான். குட்டனுக்கு வருஷம் முழுக்க அரிப்பு உண்டு, ஆடி மாத ஈரத்தில் கூடும். தூசிப் பூச்சிக்கும் ஈரம்தான் பிடிக்கும். கதையும் காகிதமும் ஒத்துப்போவதால் டாக்டர் அதை எடுத்துக்கொண்டார். பார்த்தீனியம் நெகடிவ். ஊர் முழுக்கப் பழி போட்ட செடி அது. அத்தைக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அவர் சொன்ன தூசி சரிதான், ஆனால் அது வெளியே பறக்கிற புழுதி இல்லை, வீட்டு மெத்தைக்குள் இருக்கிற தூசி என்றதும், "நான் தூசின்னுதானே சொன்னேன்" என்று ஜெயித்த முகத்தோடு போய்விட்டார்.

தடுப்பு ஊசி பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு நாய்களுக்குப் பலன் தரும் என்கிறார்கள், அதுவும் ஒரு வருஷம் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை மாத்திரை, ஷாம்பூ, வாராவாரம் வெந்நீரில் துவைத்த விரிப்பு. போன வாரம் நான் போட்ட மார்க் 3. வீட்டுக்காரர் 1 போட்டார்.

உங்கள் நாய்க்கும் இப்படி என்றால், என்னிடம் கையை நீட்டும் முன் டாக்டரிடம் போங்கள். எந்த வயதில் ஆரம்பித்தது, எந்த மாதத்தில் கூடுகிறது, என்னென்ன தின்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்; பிள்ளைகள் திருட்டுத்தனமாகக் கொடுப்பதையும் சேர்த்து. சொறிகிற இடத்தை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் போய் நின்றதும் எந்த நாயும் சொறியாது. ஏற்கெனவே ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம், டாக்டரிடம் போகிறோமே என்று முந்தின நாள் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிவிடாதீர்கள். அவருக்கு வேண்டிய தெள்ளு அழுக்கும் ஈஸ்ட்டும் சாக்கடையோடு போய்விடும்.